பிள்ளைத்தாய்ச்சியின் உணவும் நீரிழிவும்



மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனைப் பெருவீதி வழியே தெற்கு நோக்கி ஏறக்குறைய இருபது மைல் சென்றால் பெரியகல்லாறு என்னும் ஊரை அடையலாம். கிழக்கே வங்கக்கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி, இவ்விரண்டுக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய மணற்பரப்பில் வீடுகள் நெருங்கி நிற்கின்றன. வாவிக்கு இப்பாலுள்ள கரையை எழுவான்கரை என்றும், அப்பாலுள்ளதைப் படுவான்கரை என்றும் இந்நாட்டார் வழங்குவர். ஞாயிறு எழும் திசையும் படும் திசையும் ஊர்ப்பெயர்களாய் அமைந்த அழகு வேறெங்கும் எளிதிற் காணக்கிடைப்பதன்று. வீடு எழுவான்கரையிலும் வயல் படுவான்கரையிலுமாக வாழ்ந்த குடும்பங்கள் இப்பகுதியிற் பல. நெல் வாவிக்கு அப்பாலிருந்து தோணியேறி வந்தது. மீனையும் இறாலையும் நண்டையும் வாவியே தந்தது. தேங்காய் வளவிலேயே விழுந்தது.

இப்பகுதியிலே மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுப்பது தொன்றுதொட்ட வழக்கம். மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வான். ஆகவே, வேறு தமிழூர்களிற் போலக் கருவுற்ற பெண் பேற்றுக்காகத் தாய்வீடு தேடிச் செல்லும் பயணம் இங்கே பெரிதும் இல்லை. அவள் ஏற்கெனவே தாய்வீட்டில், அல்லது தாய்வீட்டு வேலிக்கு மறுபுறத்தில் இருக்கிறாள். அவள் என்ன உண்கிறாள், எவ்வளவு உண்கிறாள் என்பதைத் தீர்மானிப்பவள் பெரும்பாலும் அவளுடைய தாய்; தாய்க்கு மேலே அம்மம்மா. இக்காரணத்தால் இன்றைய பேச்சு கருவுற்ற பெண்ணுக்கு உரியது என்பதினும் அவளைப் பெற்றவளுக்கு உரியது என்றே எண்ணுகிறேன்.

அத்தாய் சோறு படைக்கும்போது சொல்லும் சொல்லை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். "மகள், ரெண்டு உசிருக்கும் சேர்த்துச் சாப்பிடு" என்பதே அச்சொல்.

இதனை நான் இகழமாட்டேன். ஒரு காலத்தில் அது உயிர் காத்த சொல். 1930ஆம் ஆண்டுகளில் இலங்கையில் ஆயிரம் பிள்ளைப்பேற்றுக்கு இருபது தாய்மார் அளவில் மாண்டனர். 1934, 1935ஆம் ஆண்டுகளிற் பரவிய பெருமலேரியா அத்தொகையை மேலும் உயர்த்திற்று. இரத்தமின்றி வெளுத்துப்போன பெண் பேற்றின்போது சிறிது குருதி இழந்தாலும் பிழைப்பது அரிதாயிருந்தது. அத்தகைய நாளில், கையிற் கிடைத்ததை மகளின் வாயில் ஊட்டிய தாயைக் குறைகூற யாருக்கு உரிமை உண்டு? ஆனால், அதே சொல் இன்று வேறொரு நோய்க்குக் கதவு திறக்கிறது. நூலோர் நீரிழிவு என்றும், நம்மூரவர் சலரோகம் என்றும், பொதுவில் சீனி வியாதி என்றும் கூறும் அந்நோய், முன்னர் அதன் சாயலும் இல்லாத பெண்ணிடத்திற் கர்ப்பகாலத்திலே முதன்முதலாகத் தோன்றுமாயின் அதனைக் கர்ப்பகால நீரிழிவு என்கிறோம். அதன் வரலாறு சுவையானது. சிறிது துயரமும் கலந்தது.

சிறுநீர் தேன்போல் இனிக்கும் நோயை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். எறும்பு மொய்ப்பதைக் கண்டே நோயைத் துணிந்தனர். சரகரும் சுசுருதரும் அதனை மதுமேகம் என்றனர். உடல் பருத்தோருக்கு வருவது ஒருவகை, மெலிந்தோருக்கு வருவது மற்றொருவகை என்னும் பிரிவினையும் அவர்கள் செய்து வைத்தார்கள். அதே ஆயுள்வேத நூல்கள் கருவுற்றவளுக்கு மாதந்தோறும் உண்ணத்தக்கவற்றை வகுத்துக் கூறுகின்றன. பால், நெய், வெண்ணெய், தேன் என அப்பட்டியல் செல்கிறது. மெலிந்த மகளிரை மனத்திற் கொண்டு எழுந்த உணவுமுறை அது என்பது என் துணிபு.

இவ்விரண்டையும் ஓர் உடலில் ஒருங்கே கண்டு எழுதிவைத்த முதல் ஏடு எனப் பெரும்பாலும் கொள்ளப்படுவது 1824ஆம் ஆண்டு பேர்லின் நகரில் வெளிவந்தது. பெனவிட்சு என்னும் இளம் மருத்துவர் தமது பட்டத்துக்காக இலத்தீன் மொழியில் எழுதிய ஆய்வுரை அது. இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி ஐந்தாம் முறையாகக் கருவுற்றிருந்தாள். எவ்வளவு நீர் பருகினும் தாகம் அடங்கவில்லை. சிறுநீரிலே சருக்கரை காணப்பட்டது. பேற்றின்போது குழந்தை வெளிவர இயலாது வருந்தி இறந்தது. அதன் நிறை 12 இறாத்தல். அக்குழந்தையின் உடற்கட்டைக் கண்டு வியந்த மருத்துவர், கிரேக்கரின் பெருவீரனான எர்க்குலிசைத் துணைக்கழைத்து வருணித்தார். நம்மவராயின் வீமன் என்றிருப்பர். வீமனைப்போன்ற குழந்தை உயிரின்றிப் பிறந்தது என்பதை நாம் மறவாதிருக்க வேண்டும். கொழுத்த குழந்தை நலமுள்ள குழந்தை என்னும் எண்ணம் கல்லாற்றில் மட்டுமன்று, உலகெங்கும் உள்ளது. பேறு முடிந்ததும் அத்தாயின் தாகமும் சருக்கரையும் மறைந்தன. ஆகவே நீரிழிவு கர்ப்பத்தின் ஓர் அறிகுறியே என்று பெனவிட்சு முடிவு செய்தார்.

ஏறக்குறைய அறுபது ஆண்டு கழித்து, 1882இல், இலண்டனில் மத்தியூசு டங்கன் என்னும் பேற்று மருத்துவர் இத்தகைய பல தாய்மாரின் விவரங்களைத் திரட்டி வெளியிட்டார். நீரிழிவு கர்ப்பகாலத்தில் மட்டும் தோன்றலாம், பேற்றுடன் நீங்கலாம், நீங்கியபின் மீண்டும் வரலாம் என்று அவர் கூறியது இன்றும் பொருந்தும். அவர் திரட்டிய விவரங்களிலே தாய்மாரின் சாவும் சிசுக்களின் சாவும் மலிந்திருந்தன. அக்காலத்து மருத்துவரிடம் உணவைத் தவிர வேறு மருந்து இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கரான அலன் என்பவர் நோயாளரைப் பட்டினியின் எல்லைவரை கொண்டுசென்று அவர்தம் வாழ்நாளைச் சிறிது நீட்டினார். வயிற்றிற் குழந்தையைச் சுமப்பவளுக்குப் பட்டினி மருந்தாகுமா?

1921இல் கனடா நாட்டின் ரொறன்ரோ நகரிலே பான்றிங்கும் பெசுற்றும் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922ஆம் ஆண்டு சனவரியில் அது முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு ஏற்றப்பட்டது. அதன்பின் நீரிழிவுள்ள பெண்களும் தாய்மாராகும் நிலை பிறந்தது. தாய்மார் பிழைத்தனர், குழந்தைகளோ தொடர்ந்து இறந்தன. பொஸ்ரன் நகரின் யோசிலின் மருத்துவ நிலையத்திற் பணியாற்றிய பிறிசில்லா வைற் என்னும் பெண் மருத்துவர், அக்குழந்தைகளைக் காப்பாற்றுவதிலே தம் வாழ்நாளைச் செலவிட்டார். நோயின் வயதையும் கடுமையையும் கொண்டு தாய்மாரை வகைப்படுத்தும் முறையை 1949இல் அவர் வகுத்தார்.

ஏன் குழந்தை பருக்கிறது? இக்கேள்விக்கு விடை தென்மார்க்கு நாட்டிலிருந்து வந்தது. கோப்பன்கேகன் மருத்துவரான பெடர்சன் 1952இல் கூறிய கருத்தைச் சுருங்கச் சொல்வேன். தாயின் குருதியிலுள்ள குளுக்கோசு நச்சுக்கொடி வழியே குழந்தைக்குச் செல்லும். தாயின் இன்சுலின் அவ்வாறு செல்லாது. எனவே தாயிடத்திற் குளுக்கோசு மிகுந்தால் குழந்தையிடத்திலும் மிகும். அதை அடக்கக் குழந்தையின் சதையி தானே மிகுதியான இன்சுலினைச் சுரக்கும். அந்த இன்சுலின் குளுக்கோசைக் கொழுப்பாக்கித் தோளிலும் வயிற்றிலும் சேர்க்கும். பிறந்து கொடி அறுத்ததும் தாயிடமிருந்து வந்த குளுக்கோசு நின்றுவிடும். ஆனால் குழந்தையின் இன்சுலின் உடனே அடங்காது. அதனால் பிறந்த சில மணிநேரத்துக்குள் அக்குழந்தையின் குருதியில் வெல்லம் ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். பார்வைக்குக் கொழுகொழுவென்றிருக்கும் பிள்ளை உள்ளே பசியால் வாடுகிறது. விரைவிலே தாய்ப்பால் கொடுக்கும்படி மருத்துவர் வற்புறுத்துவது இதனாலேதான்.

கர்ப்பகாலத்தில் இந்நோய் ஏன் தோன்றுகிறது என்பதையும் இங்கேயே கூறிவிடுதல் நன்று. கருவுற்ற நாலைந்து மாதத்துக்குப் பின் நச்சுக்கொடியிற் சுரக்கும் ஓமோன்கள் தாயின் உடலில் இன்சுலினின் வலிமையைக் குறைக்கின்றன. இது நோயன்று; இயற்கையின் ஏற்பாடு. தாய் தன் குருதியிலுள்ள குளுக்கோசை எல்லாம் தானே பயன்படுத்திவிடாது குழந்தைக்கும் விட்டுவைக்க வேண்டுமன்றோ? பெரும்பாலான பெண்களின் சதையி இதற்கேற்பக் கூடுதலாகச் சுரந்து சமாளிக்கிறது. சமாளிக்க இயலாதவளுக்கு நீரிழிவு வருகிறது. ஆகையால் அவள் சீனி தின்றதனால் வந்த நோய் இது என்று வீட்டாரும் அயலாரும் அவளைக் கடிவது பிழை.

1964இல் பொஸ்ரன் நகரில் ஓ சலிவன், மகான் என்னும் இருவர் 752 கர்ப்பிணிகளுக்குக் குளுக்கோசு கொடுத்து, மணிக்கொரு தடவை குருதியைச் சோதித்து, எந்த அளவுக்கு மேலே நோய் எனக் கொள்ளலாம் என்பதை வரையறுத்தனர். அவர்கள் நாடியது பிற்காலத்தில் எந்தத் தாய்க்கு நிலையான நீரிழிவு வரும் என்பதை முன்னறிவதே. குழந்தைக்கு நேரும் தீங்கைக் கொண்டு எல்லை வகுக்க மேலும் நாற்பது ஆண்டு ஆயிற்று. ஒன்பது நாடுகளில் ஏறக்குறைய 25,000 கர்ப்பிணிகளை ஆராய்ந்த பெருமுயற்சியொன்றின் முடிவு 2008இல் வெளியாயிற்று. இவ்வளவுக்குக் கீழே தீங்கில்லை, இவ்வளவுக்கு மேலே தீங்கு என்னும் கோடு ஒன்றை அவர்களாற் காண இயலவில்லை. வெல்லம் ஏற ஏறக் குழந்தையின் பருமனும் பேற்றின் இடரும் படிப்படியாக ஏறின. எங்கோ ஓரிடத்திற் கோடு கிழிக்கவேண்டுமாகையால், உலகச் சுகாதார நிறுவனம் 2013இல் ஓர் எல்லையை ஏற்றது. வெறும் வயிற்றில் 92 மில்லிகிராம்; 75 கிராம் குளுக்கோசு பருகி ஒரு மணிநேரத்தில் 180; இரண்டு மணிநேரத்தில் 153. இவற்றுள் ஒன்றை எட்டினும் நோய் உண்டு என்பது அவ்விதி.

நேயர்கள் இங்கே ஒரு தாயை மனத்திற் கொள்ள வேண்டும். வயலோரக் கிராமம் ஒன்றிலிருந்து காலையில் எழுந்து, மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, பேருந்துக்குக் காத்திருந்து, மருத்துவமனையை அடைகிறாள். "நீ உண்டு வந்தாயா? நாளைக்கு வெறும் வயிற்றோடு வா" என்று அவளைத் திருப்பி அனுப்பினால் அவள் மறுநாள் வருவாளா? இந்த எளிய கேள்வியைச் சென்னையில் டாக்டர் சேசையா கேட்டார். சென்னை மருத்துவக் கல்லூரியில் நீரிழிவு மருத்துவத்துக்குத் தனித்துறை காண உழைத்தவர் அவர். உண்டிருந்தாலும் உண்ணாதிருந்தாலும் வந்த அன்றே 75 கிராம் குளுக்கோசு கொடுத்து, இரண்டு மணிநேரத்தின் பின் ஒரே தடவை சோதித்து, 140 மில்லிகிராமுக்குக் குறையாதிருந்தால் நோய் எனக் கொள்வது அவரும் அவர் குழுவினரும் வகுத்த வழி. வெறும் வயிற்றுச் சோதனையே நுட்பமானது என்று இதனை மறுப்போரும் உளர். நுட்பமான சோதனை யாருக்கும் செய்யப்படாமற் கிடப்பதினும், ஓரளவு நுட்பமான சோதனை எல்லோருக்கும் செய்யப்படுவது மேல் என்பதே என் கருத்து. தமிழ்நாட்டு அரசு 2007இல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இச்சோதனையை நடத்தத் தொடங்கிற்று. 2014இல் இந்திய நடுவண் அரசின் வழிகாட்டியும் அம்முறையையே பின்பற்றியது.

சேசையா குழுவினர் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கு நமக்கும் பாடமாவது. நகர்ப்புறத்துக் கர்ப்பிணிகளுள் நூற்றுக்கு 17.8 பேருக்கும், சிறுநகரங்களில் 13.8 பேருக்கும், நாட்டுப்புறத்தில் 9.9 பேருக்கும் இந்நோய் காணப்பட்டது. நாட்டுப்புறத்திலும் பத்தில் ஒருத்தி! செல்வர் வீட்டு நோய் என்னும் பழம்பேச்சு இனிப் பொருந்தாது.

இலங்கையின் நிலை யாது? 2005ஐ அடுத்த ஆண்டுகளில் நாடளாவிய பெருங்கணக்கு ஒன்று எடுக்கப்பட்டது. வளர்ந்தோரில் நூற்றுக்கு 10.3 பேருக்கு நீரிழிவு என அது கூறிற்று. நாடளாவியது என்றேன், ஆயினும் ஒன்பது மாகாணங்களுள் ஏழிலேயே அது நடைபெற்றது. வடக்கும் கிழக்கும் போரினால் விடுபட்டன. பெரியகல்லாற்றுப் பெண்ணொருத்தியும் அக்கணக்கிற் சேரவில்லை. 2018, 2019ஆம் ஆண்டுகளில் வேறு முறையில் எடுத்த கணக்கு வளர்ந்தோருள் நூற்றுக்கு 23 பேருக்கு நீரிழிவு என்று காட்டிற்று. இரு கணக்குகளின் முறைகளும் வேறுபட்டவையாதலால் ஒன்றோடொன்றை நேரே ஒப்பிடுதல் தகாது. எனினும் நோய் பெருகுகின்றது என்பதில் ஐயமில்லை.

பெருகியதன் காரணத்தைத் தேடுவோர் நம் உணவின் வரலாற்றையும் நோக்குதல் வேண்டும். உரலிற் குத்திய சிவப்பரிசியை உண்டவர்கள் ஆலை வந்தபின் வெள்ளையரிசிக்கு மாறினர். தவிடு நீங்கிய அரிசியால் வரும் உடற்கேடுகளை 1930ஆம் ஆண்டுகளிற் கொழும்பில் லூசியசு நிக்கொல்சு என்னும் அறிஞர் ஆராய்ந்து, வெப்ப நாட்டு உணவியல் பற்றி ஒரு நூலும் எழுதினார். 1942இல் உலகப் போரினாற் பங்கீடு வந்தது. கூப்பன் அரிசி வாழ்க்கையோடு ஒன்றிற்று. 1953இல் அதன் விலையை அரசு உயர்த்தியபோது நாடு முழுவதும் அர்த்தால் மூண்டு, அவ்வாண்டிலேயே பிரதமர் பதவி துறக்க நேர்ந்தது. அரிசி நம் நாட்டில் வெறும் உணவன்று, அரசியலும் ஆகும். 1970ஐ அடுத்த ஆண்டுகளிற் பஞ்சம் வந்து பலர் மரவள்ளிக்கிழங்கில் உயிர்தாங்கினர். பின்பு கோதுமை மா மலிந்தது. 1980இல் திருகோணமலையிலே பெரிய மா ஆலை இயங்கத் தொடங்கிற்று. காலையிற் பாணும் மாலையில் ரொட்டியும் மட்டக்களப்பு வீடுகளுக்கும் வந்தன. இவற்றோடு சீனியிட்ட தேநீர். நாலு வேளை, ஐந்து வேளை.

இதனிடையே 1978ஆம் ஆண்டு நவம்பரில் வீசிய சூறாவளி மட்டக்களப்பின் தென்னைகளை வீழ்த்தியது. போர்க்காலத்தில் வாவியைக் கடந்து வயலுக்குச் செல்வதே பலருக்கு அரிதாயிற்று. 2004 திசம்பரில் ஆழிப்பேரலை இவ்வூர்க் கரையையும் விட்டுவைக்கவில்லை. இவற்றை நான் வருந்துதற்காக மட்டும் கூறவில்லை. அறிவியலாரின் ஒரு கருத்து இங்கே நமக்கு இன்றியமையாதது.

இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944ஆம் ஆண்டின் பிற்பகுதி முதல் 1945 வசந்தம் வரை ஒல்லாந்தின் மேற்குப் பகுதியிற் கொடிய பஞ்சம் நிலவிற்று. அப்போது தாயின் வயிற்றிலிருந்த குழந்தைகளை ஐம்பதாண்டு கழித்து அமுசுரடாம் நகரிற் சோதித்தபோது, அவர்களின் உடல் குளுக்கோசைக் கையாளுந் திறன் குறைந்திருக்கக் கண்டனர். தாயின் வயிற்றிற் பட்டினி கண்ட உடல் சிக்கனம் பழகிவிடுகிறது. பின்னர் உணவு மலியும்போது அதைத் தாங்க இயலாது தளர்கிறது என்பது இங்கிலாந்து அறிஞர் ஏல்சும் பாக்கரும் 1992இற் கூறிய கருத்து. பூனா நகரிலே டாக்டர் யாச்னிக் குழுவினர் 1993இல் தொடங்கிய ஆய்வு இதற்கு இன்னொரு முகத்தைக் காட்டிற்று. நம்மவர் குழந்தைகள் நிறையிற் சிறியவை. ஆனால், ஆங்கிலக் குழந்தைகளோடு ஒப்பிடத் தசை குறைந்தும் கொழுப்பு அவ்வளவு குறையாதும் பிறக்கின்றன. மெலிந்து தோன்றும் நம் பெண்ணுக்கும் நீரிழிவு வருவதன் மருமத்துக்கு இது ஒரு திறவுகோல். அதே ஆய்வில், கீரையும் பழமும் பாலும் அடிக்கடி உண்ட தாய்மாரின் குழந்தைகள் நன்கு வளர்ந்து பிறந்தமையும் தெரியவந்தது.

இப்போது எண்ணிப் பாருங்கள். போரும் தட்டுப்பாடும் நிலவிய 1990ஆம் ஆண்டுகளிற் பிறந்த பெண் மக்களே இன்று தாய்மாராகின்றனர். அவர்களைப் பெற்றவர்கள் தாம் பட்ட பசியை மறக்கவில்லை. தம் மகள் பசியறியக் கூடாது என்று இரட்டிப்பாகச் சோறு படைக்கிறார்கள். அந்த அன்பின் அளவையே நாம் இங்கே அளக்க வேண்டியுள்ளது. அதனாலேதான் இதைப் பேசுவது எளிதன்று.

கருவுற்றவளுக்கு உண்மையில் எவ்வளவு கூடுதலாக வேண்டும்? முதல் மூன்று மாதத்தில் அநேகமாக ஒன்றும் வேண்டியதில்லை. அதன்பின் நாளொன்றுக்கு ஏறக்குறைய 350 கலோரி. ஒரு சிறு கிண்ணச் சோறும் ஒரு துண்டு மீனும் அதற்குப் போதும். இரண்டு உயிர் என்பது மெய்யே. ஆயினும் இரண்டாவது உயிரின் வயிறு மிகச் சிறியது. கலோரியைக் காட்டிலும் பன்மடங்கு தேவைப்படுபவை இரும்பும் போலிக்கமிலமும் புரதமுமே.

போலிக்கமிலத்தின் கதை நம் தமிழ்நாட்டோடு தொடர்புடையது. லூசி வில்சு என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்து, ஆலைத் தொழிலாளப் பெண்களுக்குக் கர்ப்பகாலத்தில் வந்த கடுஞ்சோகையை ஆராய்ந்தார். குன்னூரிலும், இன்று கஸ்தூரிபாய் பெயரைத் தாங்கி நிற்கும் சென்னைக் கோசா மருத்துவமனையிலும் அவர் ஆய்வு தொடர்ந்தது. விலையுயர்ந்த மருந்தை அவர் நாடவில்லை. மதுவத்திலிருந்து வடித்த மாமைற்று என்னும் கறுத்த களி அந்தச் சோகையைப் போக்கிற்று. அதில் ஒளிந்திருந்த பொருளே பின்னர் போலிக்கமிலம் எனப் பெயர்பெற்றது. இன்றும் இலங்கைக் கடைகளில் அந்தக் களிப் புட்டி இருக்கிறது. அதைப் பாணிற் பூசி உண்போருள் எத்தனைபேர் இக்கதையை அறிவர்?

இலங்கையிற் கருவுற்ற தாய்க்கு வாய்த்திருக்கும் பெருந்துணை மருத்துவமாது. 1926இற் களுத்துறையில் நாட்டின் முதற் சுகாதாரப் பிரிவு தொடங்கியது முதல், மருத்துவமாது வீடு தேடிச் செல்லும் முறை படிப்படியாக நாடெங்கும் பரவிற்று. ஆயிரத்துக்கு இருபதாயிருந்த தாய்மார் சாவு, அண்மைக் காலத்தில் இலட்சத்துக்கு முப்பது நாற்பது என்னும் அளவுக்கு இறங்கியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. சேலையுடுத்துக் குடையேந்தி வரும் 'மிட்வைப்' படலையடியிற் குரல்கொடுக்காத ஊர் நம் நாட்டில் இல்லை. கர்ப்பிணி முதன்முறை பதியும்போதும், மீண்டும் 24 முதல் 28 வாரத்துக்குள்ளும் வெல்லச் சோதனை செய்தல் வேண்டும் என்பதே இன்றைய முறை. முதற்சோதனையில் ஒன்றும் இல்லையென்று இரண்டாவதைக் கைவிடலாகாது. நச்சுக்கொடியின் ஓமோன்கள் வேலைசெய்வது அதன்பின்னரே.

நோய் உண்டென்று தெரிந்தாற் செய்யத்தக்கது என்ன? பெரும்பாலான தாய்மாருக்கு உணவும் உலாவுதலுமே போதும். சிலருக்கு மாத்திரையோ இன்சுலினோ வேண்டிவரும். இன்சுலின் என்றதும் அஞ்சவேண்டாம். அது குழந்தையை அடையாது என்பதை முன்னரே கூறினேன். ஆயிரம் தாய்மாரைக் கொண்டு ஒசுத்திரேலியாவில் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், உணவு அறிவுரையும் வேண்டியவிடத்து இன்சுலினும் பெற்றவர்களின் குழந்தைகளுக்கு நேர்ந்த கடுந்தீங்கு நூற்றுக்கு நான்கிலிருந்து ஒன்றாகக் குறைந்தது.

சோற்றை அறவே நிறுத்துதல் தவறு. பட்டினி கிடந்தால் உடற்கொழுப்பு உருகிக் கீற்றோன் என்னும் பொருள்கள் குருதியிற் பெருகும். அவை குழந்தைக்கு நன்மை தருவனவல்ல. ஆகவே உணவைப் பங்கிட வேண்டும். மூன்று வேளையில் உண்பதை மூன்று சிறு வேளையும் இரண்டு மூன்று சிற்றுண்டியுமாக ஆக்கினால் வெல்லம் ஒரேயடியாக உயராது. காலையில் இன்சுலினின் வலிமை மிகக் குறைவு. நம் காலையுணவோ பிட்டு, இடியப்பம், ரொட்டி, பாண் என முற்றிலும் மாப்பொருள். பிட்டைப் பாதியாக்கி, குரக்கன் மாவைக் கலந்து, கூடவே அவித்த பயறோ கடலையோ முட்டையோ சேர்த்தால் வெல்லம் மெல்ல ஏறும். தேங்காய்ச் சம்பலை மட்டும் தொட்டு நாலு இடியப்பத்தை உண்பதிலும், இரண்டு இடியப்பத்தை மீன் ஆணத்தோடு உண்பது சிறந்தது.

நண்பகற் சோற்றுக்குத் தவிடு நீங்காத சிவப்பரிசி நல்லது. பச்சைப்பெருமாள் போன்ற பழைய நெல்வகைகள் கிடைக்குமாயின் இன்னும் மேல். ஆயினும் சிவப்பரிசி என்பதற்காக அளவின்றி உண்ணலாம் என்று கொள்வது மயக்கம், அதுவும் அரிசியே. கோப்பையிற் பாதியை முருங்கையிலை வறை, பொன்னாங்காணி, வல்லாரைச் சம்பல், காய்கறி என்பவற்றுக்கு ஒதுக்கி, காற்பங்கை மீனுக்கும் பருப்புக்கும் கொடுத்து, எஞ்சிய காற்பங்கிற் சோற்றை வைப்பது எளிய கணக்கு. வாவி மீனும் சிறு கடல்மீனும் புரதத்துக்கு மிக உகந்தவை. பாலூறும் என்று சுறாவை விரும்பிச் சமைப்பது நம் வழக்கம். பெரிய சுறாக்களின் உடலிற் பாதரசம் சேர்ந்திருக்குமாதலால், கருவுற்றவளும் பாலூட்டுபவளும் அவற்றைத் தவிர்ப்பது நன்று என இன்றைய மருத்துவர் கூறுகின்றனர். கருப்பட்டியும் சருக்கரையும் தேனும் சீனியைப் போல் தீங்கல்ல என்னும் எண்ணம் பரவலாக உண்டு. குருதிக்கு அவ்வேறுபாடு தெரியாது. குறிஞ்சாவிலைச் சுண்டல் கறியாக இருக்கட்டும். அதன் சாற்றை மருந்தாக வடித்து, மருத்துவர் அறியாமற் பருகுவது வேண்டாம். 1973 முதல் இலவசமாக வழங்கப்பட்டுவந்த திரிபோஷாவும் சோளமும் சோயாவும் கலந்த மாவே. அதனை விலக்கவேண்டியதில்லை; ஆனால் சோற்றின்மேல் அதுவும் என்றிராது, உணவுக் கணக்கிற் சேர்த்துக்கொள்க. உண்டபின் கால் மணிநேரம் வளவுக்குள் உலாவினாலும் பயன் உண்டு.

பேறு முடிந்ததும் வெல்லம் பெரும்பாலும் தாழ்ந்துவிடும். பேர்லின் மருத்துவர் கண்டது அதுவே. வீட்டிலே சரக்குக்கறி மணக்கும். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியும். பிள்ளையின் முகத்தைப் பார்த்துத் தாயின் நோயை எல்லோரும் மறந்துவிடுவர். ஆனால், கர்ப்பகால நீரிழிவு கண்ட பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிலையான நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களினும் ஏழு மடங்கு அதிகம் என்று பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோர் 2009இல் எழுதினர். பேற்றின்பின் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் அவளுக்கு மீண்டும் குளுக்கோசுச் சோதனை செய்யவேண்டும். அதன்பின்னும் ஆண்டுதோறும் பார்த்துவருதல் நல்லது. குழந்தையின் இரண்டாம் மாதத் தடுப்பூசிக்கு நாள் தவறாது செல்லும் தாய்மார் தம் சோதனைக்குச் செல்வது அரிது. அத்தடுப்பூசி நாள் பெரும்பாலும் எட்டாம் ஒன்பதாம் வாரத்தில், அதாவது அவளுடைய சோதனைக்குரிய காலத்துக்குள்ளேயே வருகிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூடச் செல்லும் அம்மம்மா, அன்று மருத்துவமாதிடம் மகளின் அட்டையையும் நீட்டிக் கேட்டுக்கொள்ளலாம்.